பிஎச்பியில் எழுதிய டேபிள் மைஎஸ்க்யூஎல்லில் உருவாகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கட்டளை எழுதியாயிற்று, பக்கத்தையும் திறந்தாயிற்று, டேபிளை மட்டும் காணோம். இந்த இடத்தில் பலரும் எழுதியதை அழித்துவிட்டு வேறெங்கிருந்தோ ஒரு கட்டளையை எடுத்து ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கு முன் சர்வர் என்ன சொன்னது என்று கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு தவறுக்கும் ஓர் எண் தருகிறது. எண் தெரிந்தால் ஓர் இடத்தில் தேடினால் போதும், தெரியாவிட்டால் எல்லா இடத்திலும் தேட வேண்டும்.

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எரரும் இல்லை, டேபிளும் இல்லை

பழைய பிஎச்பி என்றால் இது இயல்பு. பிஎச்பி 8.1-க்கு முன், சர்வரோடு பேசும் மைஎஸ்க்யூஎல்ஐ தொகுப்பின் க்வெரி தோற்றால் சத்தம் போடாமல் ஃபால்ஸ் என்று திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மதிப்பை நீங்கள் இஃப் போட்டுப் பார்க்காவிட்டால் தோற்றதே தெரியாது. 8.1 முதல் எக்ஸெப்ஷன் (பிடிக்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிடும் பிழை) எறிவதுதான் முன்னிருப்பு. இதே வேலையைச் செய்யும் இன்னொரு தொகுப்பான பிடிஓ-வில் இதே மாற்றம் 8.0-லேயே வந்துவிட்டது. எந்தப் பதிப்பாக இருந்தாலும், இணைப்பு வரிக்கு மேலே மைஎஸ்க்யூஎல்ஐ_ரிப்போர்ட் செயல்பாட்டை எரர், ஸ்ட்ரிக்ட் இரண்டு கொடிகளோடும் அழைத்துவிடுங்கள். பிடிஓ என்றால் எரர்மோட்-ஐ எக்ஸெப்ஷன் என்று வையுங்கள்.

வெறும் வெள்ளைப் பக்கமோ 500 என்ற சர்வர் பிழையோ வந்தால் அது வேறு விஷயம். பிஎச்பி-யே நின்றுவிட்டது, செய்தியைத் திரையில் காட்ட அனுமதி இல்லை. கோப்பின் தலையில் டிஸ்ப்ளே_எரர்ஸ்-ஐ 1 ஆக்கும் வரியைச் சேர்ப்பார்கள். ஆனால் அதே கோப்பில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த வரியும் ஓடாது, ஏனென்றால் கோப்பு முழுவதையும் படித்து முடிக்காமல் பிஎச்பி ஒரு வரியைக்கூட ஓட்டுவதில்லை. அப்போது பிஎச்பி.ஐஎன்ஐ-யில் மாற்றுங்கள், அல்லது அப்பாச்சியின் எரர் லாக்கில் கடைசி வரியைப் பாருங்கள்.

செய்தியில் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற செயல்பாடே இல்லை என்று வந்தால், நீங்கள் பின்பற்றும் பாடம் மிகப் பழையது. அந்தத் தொகுப்பு பிஎச்பி 5.5-இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2015-இல் வந்த 7.0-இல் நீக்கப்பட்டது. சரிசெய்ய முயலாமல் மைஎஸ்க்யூஎல்ஐ-க்கோ பிடிஓ-வுக்கோ மாறுங்கள்.

இணைப்பிலேயே நிற்கிறது: 1045, 2002, 2054, 1049

1045 வந்தால் செய்தியின் கடைசியில் கடவுச்சொல் பயன்பட்டதா என்பதற்கு யெஸ் அல்லது நோ என்று இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. யெஸ் என்றால் சொல் போயிருக்கிறது, சொல்லோ பயனர் பெயரோ தவறு. நோ என்றால் சொல் சர்வருக்குப் போகவே இல்லை. பெரும்பாலும் மாறியை வெளியே வைத்துவிட்டு ஒரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து இணைப்பு எடுத்திருப்பீர்கள், உள்ளே அந்த மாறி காலியாக இருக்கும்.

2002 வந்தால் முதலில் சர்வர் ஓடுகிறதா, போர்ட் 3306-தானா என்று பாருங்கள். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் பிஎச்பி சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் போர்ட் வழியாகப் போகும். லோக்கல்ஹோஸ்ட் தோற்று 127.0.0.1 வேலை செய்தால் பெரும்பாலும் சாக்கெட் கோப்பின் பாதைதான் தவறு.

2054 என்பது புது சர்வர், பழைய பிஎச்பி. மைஎஸ்க்யூஎல் 8.0-இன் முன்னிருப்பு உள்நுழைவு முறையைப் பிஎச்பி 7.4 முதல்தான் முழுமையாகப் புரிந்துகொள்கிறது. முடிந்தால் பிஎச்பி-யை உயர்த்துங்கள்.

1049 வந்தால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. பகிர்வு ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற மேலாண்மைப் பலகை உங்கள் கணக்குப் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் முன்னால் சேர்த்துவிடும். நீங்கள் கொடுத்த பெயர் பள்ளி என்றால் உண்மையில் இருப்பது கணக்கு_பள்ளி. 1046 இதற்குத் தம்பி: இணைப்பு கிடைத்துவிட்டது, எந்த டேட்டாபேஸ் என்று சொல்லவில்லை.

1064: எழுத்துப்பிழை என்கிறது, எங்கே என்று தெரியவில்லை

அதிகம் வருவதும் அதிக நேரம் தின்பதும் இதுதான். செய்தியில் நியர் என்ற சொல்லுக்குப் பின் மேற்கோளில் ஒரு துண்டு வரும். பலரும் அந்தத் துண்டுக்குள் தவறைத் தேடுகிறார்கள். அந்தத் துண்டு சர்வருக்குப் புரியாமல்போன இடத்தில் தொடங்குகிறது. தவறு அதன் முதல் எழுத்தில் இருக்கும், அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும். கூடவே வரும் வரி எண்ணும் கட்டளைக்குள் எண்ணிய வரிதான், பிஎச்பி கோப்பின் வரி அல்ல.

இதைப் பாருங்கள்:

கிரியேட் டேபிள் மாணவர் (
ஐடி இன்ட் அன்சைன்ட் நாட் நல் ஆட்டோ_இன்கிரிமென்ட்,
பெயர் வார்கேர்(100) நாட் நல்,
வகுப்பு டைனிஇன்ட் அன்சைன்ட்,
பிரைமரி கீ (ஐடி),
)

சர்வர் சொல்வது: நியர் ')', வரி 6. ஆறாவது வரியில் ஓர் அடைப்புக்குறி மட்டும்தான் இருக்கிறது, அது சரியாகவே இருக்கிறது. தவறு ஐந்தாவது வரியின் கடைசிக் காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பின் இன்னொரு புலம் வரும் என்று சர்வர் காத்திருந்தது, மூடும் அடைப்புக்குறி வந்தது. பிஎச்பி அணிகளில் கடைசிக் காற்புள்ளியை விட்டுவைத்தே பழகியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லாமல் வந்தால் கட்டளை முடியுமுன் எழுத்து தீர்ந்துவிட்டது, பெரும்பாலும் கடைசி அடைப்புக்குறியை மூடவில்லை. மேற்கோள் திறக்கும் அடைப்புக்குறியில் தொடங்கினால், டேபிள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மாறியின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருக்கும்.

மேற்கோள் உங்கள் புலப் பெயரிலேயே தொடங்கினால் அது ஒதுக்கப்பட்ட சொல்லா என்று பாருங்கள். ஆர்டர், குரூப், கீ, இண்டெக்ஸ், டெஸ்க் (இறங்குவரிசையைக் குறிக்கும் சுருக்கம்) ஆகியவை எப்போதும் தகராறு. ரேங்க், குரூப்ஸ், ரோஸ் (ரோ-வின் பன்மை) ஆகியவை மைஎஸ்க்யூஎல் 5.7 வரை தாராளமாக ஓடி, 8.0-இல் ஒதுக்கப்பட்டன. மதிப்பெண் பட்டியலில் ரேங்க் என்று புலம் வைத்த பழைய மென்பொருள் சர்வரை உயர்த்தியதும் நிற்பது இதனால்தான். பேக்டிக் குறிக்குள் வைத்தால் ஓடும். ஆனால் அப்புறம் எழுதும் ஒவ்வொரு கட்டளையிலும் அந்தக் குறியை மறக்காமல் போட வேண்டும். பெயரையே மாற்றிவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

பேக்டிக் என்பது எஸ்கேப் விசைக்குக் கீழே இருப்பது, ஒற்றை மேற்கோள் அல்ல. புலப் பெயரை ஒற்றை மேற்கோளில் வைத்தாலும் 1064 வரும். பேக்டிக் பிஎச்பி-யின் மேற்கோளுக்கு வெளியே தப்பி வந்துவிட்டால் இன்னும் மோசம், பிஎச்பி அதை ஷெல் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஓட்டப் பார்க்கும்.

கண்ணுக்குச் சரியாக இருந்தும் 1064 வந்தால், வேர்டிலிருந்தோ பிடிஎஃப்-இலிருந்தோ நகலெடுத்தீர்களா என்று யோசியுங்கள். வளைந்த மேற்கோள் குறியும் உடையா இடைவெளியும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும். உடையா இடைவெளி வெற்றிடம் போலவே தெரியும், சர்வருக்கு அது பெயரில் ஓர் எழுத்து. சந்தேகப்படும் வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால்: க்வெரிக்கு அனுப்பும் சரத்தை அனுப்புமுன் எக்கோ செய்யுங்கள். திரையில் வந்ததை, கோப்பில் இருப்பதை அல்ல, அப்படியே பிஎச்பிமைஅட்மினின் எஸ்க்யூஎல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே ஓடினால் பிஎச்பி பக்கம் தேடுங்கள். அங்கும் நின்றால் கட்டளையே தவறு.

(இடையில் ஒரு செய்தி: மைஎஸ்க்யூஎல் பேக்டிக் இல்லாமலே தமிழ் எழுத்தில் டேபிள், புலப் பெயர்களை ஏற்கும். இணைப்பின் எழுத்துத்தொகுதி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

தனித்தனியே ஓடுகிறது, சேர்த்து அனுப்பினால் 1064

மைஎஸ்க்யூஎல்ஐ-யின் க்வெரி ஒரு நேரத்தில் ஒரு கட்டளையைத்தான் ஏற்கும். இரண்டு கிரியேட் டேபிளை அரைப்புள்ளி போட்டு ஒரே சரத்தில் அனுப்பினால் இரண்டாவது கிரியேட்டின் அருகே பிழை என்று வரும். மல்டி_க்வெரி ஏற்கும், ஆனால் எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்காமல் அடுத்த கட்டளையை அனுப்பினால் 2014 வரும். டேபிள்களை உருவாக்க அது தேவையே இல்லை. கட்டளைகளை ஓர் அணியில் வைத்து ஃபார்ஈச் போடுங்கள், எது தோற்றது என்று தனியே தெரியும்.

டேபிள் பெயரைக் கேள்விக்குறி போட்டு பைண்ட் செய்ய முடியாது. அந்த வசதி மதிப்புகளுக்கு மட்டும்தான். பெயர் பயனரிடமிருந்து வந்தே தீர வேண்டும் என்றால், எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் இருக்கிறதா, 64 எழுத்துக்குள் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கட்டளையில் சேருங்கள்.

பிஎச்பி 8-க்கு மாறியதும், பிடிஓ-வின் கமிட் செய்யும் இடத்தில் டிரான்ஸாக்ஷன் (மொத்தமாக ஏற்கவோ ரத்துசெய்யவோ சேர்த்த கட்டளைகள்) எதுவும் இல்லை என்று எக்ஸெப்ஷன் வருகிறதா? மைஎஸ்க்யூஎல்லில் கிரியேட் டேபிள் ஓடிய கணமே நடப்பிலிருந்த டிரான்ஸாக்ஷன் தானாக முடிந்துவிடும். முன்பும் அப்படித்தான் இருந்தது, பிடிஓ கண்டுகொள்ளவில்லை. ஆகவே மூன்றாவது டேபிள் தோற்றால் முதல் இரண்டை ரோல்பேக் எடுத்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், டிராப் நீங்கள்தான் போட வேண்டும்.

1050, அல்லது எரர் இல்லை ஆனால் புதுப் புலம் வரவில்லை

1050 வந்தால் டேபிள் ஏற்கெனவே இருக்கிறது. இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் சேர்த்தால் எரர் போய்விடும், கூடவே வேறொரு குழப்பம் வந்து சேரும். கட்டளையில் கைபேசி என்று புதுப் புலம் சேர்த்து ஓட்டுவீர்கள், வெற்றி என்று வரும். பிறகு இன்செர்ட் செய்தால் 1054, அந்தப் புலம் இல்லை என்று சொல்லும். அந்தச் சொற்றொடர் பெயரை மட்டும்தான் பார்க்கிறது, அமைப்பை ஒப்பிடுவதில்லை. இருக்கும் டேபிளுக்கு ஆல்டர் டேபிள்தான் வழி. தரவு இல்லாத சோதனை டேபிள் என்றால் டிராப் செய்து மறுபடி உருவாக்கலாம்.

புலங்களின் வரையறையில் நிற்பவை

1075: ஆட்டோ_இன்கிரிமென்ட் போட்ட புலத்துக்குக் கீ இல்லை, அல்லது அப்படி இரண்டு புலங்கள் இருக்கின்றன. 1170: டெக்ஸ்ட் புலத்தில் நீளம் சொல்லாமல் இண்டெக்ஸ் கேட்டிருக்கிறீர்கள். 1074: வார்கேர் நீளம் அதிகம். ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துத்தொகுதியில் மேல் எல்லை 16383, அதற்கு மேல் டெக்ஸ்ட்.

1067 முன்னிருப்பு மதிப்பு செல்லாது என்கிறது. பழைய டேபிள்களில் தேதிக்கு 0000-00-00 என்று வைப்பது வழக்கம், மைஎஸ்க்யூஎல் 5.7-இன் கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அதை ஏற்காது. நல் ஆக்குங்கள். டேட் வகைப் புலத்துக்கு கரென்ட்_டைம்ஸ்டாம்ப் வைத்தாலும் இதே எண்தான் வரும், அது டேட்டைமுக்கும் டைம்ஸ்டாம்புக்கும் மட்டும் உரியது.

1071 கீ நீளம் மீறியது என்கிறது. மின்னஞ்சலுக்கு வார்கேர்(255) வைத்து யுனிக் போட்டிருப்பீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் முன்னிருப்புச் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி-யின் பழைய பதிப்பில் கீ எல்லை 767 பைட். பழைய யூடிஎஃப்8-இல் ஓர் எழுத்துக்கு 3 பைட், 255 × 3 = 765, தப்பித்தது. யூடிஎஃப்8எம்பி4-இல் 255 × 4 = 1020, மாட்டிக்கொண்டது. பிஎச்பி கட்டமைப்பான லாராவெல்லின் 5.4 வந்தபோது பலரும் 191 என்ற எண்ணைக் கண்டது இதனால்தான்: 191 × 4 = 764. மைஎஸ்க்யூஎல் 5.7-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து எல்லை 3072. சர்வரை உயர்த்த முடியாதவர்கள் மட்டும் 191 வைத்தால் போதும்.

இன்னொன்று, எரர் எதுவும் இல்லாமல் டேபிள் உருவாகி, பிறகு காலை வாரிவிடும். கைபேசி எண்ணுக்கு இன்ட் வைப்பது. இன்ட்டின் மேல் எல்லை 2147483647. அன்சைன்ட் போட்டாலும் 4294967295. இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம், ஒன்றுகூட உள்ளே வராது. கண்டிப்பு முறையில் 1264 வரும். கண்டிப்பு இல்லாத பழைய சர்வரில் எல்லாருடைய எண்ணும் 2147483647 என்று பதிவாகியிருக்கும், மூல எண்களை மீட்க வழி கிடையாது. வார்கேர் வையுங்கள், நாட்டுக்குறியீட்டின் கூட்டல் குறிக்கும் இடம் இருக்கும்.

அயல் சாவி: 1215, 1005, 3780, 1824

அயல் சாவி (ஃபாரின் கீ) என்பது ஒரு டேபிளின் புலத்தை இன்னொரு டேபிளின், அதாவது தாய் டேபிளின், புலத்தோடு இணைப்பது. அது தோற்றால் ஒரே நோய்க்கு வெவ்வேறு பெயர்கள். 5.7-இல் 1215, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி-யில் 1005-ம் கூடவே 150 என்ற உள் எண்ணும் வரும். 8.0 கொஞ்சம் கருணை காட்டி, இரு புலங்களும் பொருந்தவில்லை என்றால் 3780, தாய் டேபிளே இல்லை என்றால் 1824, தாய்ப் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லை என்றால் 1822 என்று பிரித்துச் சொல்கிறது.

பிரித்துச் சொல்லாத சர்வரில் இந்த வரிசையில் பாருங்கள். தாய் டேபிள் முதலில் உருவாகியிருக்கிறதா? இரு புலங்களும் அளவிலும் குறியிலும் ஒன்றா? வகுப்பு டேபிளில் ஐடி இன்ட் அன்சைன்ட், மாணவர் டேபிளில் வகுப்பு_ஐடி வெறும் இன்ட் என்றால் பொருந்தாது. பிக்இன்ட்டும் இன்ட்டும் பொருந்தாது. லாராவெல் 5.8-இல் முன்னிருப்பு ஐடி பிக்இன்ட் ஆனது, பழைய டேபிளோடு புது டேபிளை இணைக்கும்போது இது இடிக்கும். எழுத்துப் புலம் என்றால் நீளம் மாறலாம், எழுத்துத்தொகுதியும் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) மாறக்கூடாது. ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் என்று கேட்டால் கடைசி அயல் சாவிப் பிழையைத் தனிப்பகுதியில் முழு வாக்கியமாகக் காட்டும். 5.7-இல் அதைவிட நல்ல துணை கிடையாது.

எரரே வராமல் அயல் சாவி மட்டும் காணாமல் போவது இன்னும் தொல்லை. டேபிள் மைஐசாம் எஞ்சினில் இருந்தால் சர்வர் அந்த வரியைப் படித்துவிட்டு விட்டுவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் புலத்தின் பக்கத்திலேயே ரெஃபரன்சஸ் என்று எழுதினாலும் அதே கதி, ஃபாரின் கீ என்று தனி வரியாக எழுத வேண்டும். உருவாக்கியதும் ஷோ கிரியேட் டேபிள் போட்டு, உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ வருகின்றன

கிரியேட் டேபிளில் எழுத்துத்தொகுதி சொல்லாவிட்டால் டேட்டாபேஸின் முன்னிருப்பு வரும். 8.0-இல் அது யூடிஎஃப்8எம்பி4, 5.7-இல் லத்தீன்1. டேபிள் மட்டும் சரியாக இருந்தால் போதாது, இணைப்பும் சரியாக இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்ஐ-யில் இணைந்தவுடன் செட்_கேர்செட், பிடிஓ-வில் டிஎஸ்என் என்ற இணைப்புச் சரத்துக்குள் கேர்செட்.

ஏற்கெனவே கெட்டுப்போன டேபிளில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை. தமிழ் என்ற சொல் உள்ள வரிசையை எடுத்து கேர்_லென்த், லென்த் இரண்டையும் கேளுங்கள். நாம் மூன்று எழுத்து என்று எண்ணும் சொல்லை யூனிகோட் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. ஒவ்வொன்றும் 3 பைட். த என்றால் 224, 174, 164.

5-ம் 15-ம் வந்தால் தரவு நலம். படிக்கும் பக்கத்தின் இணைப்புதான் கோளாறு. 5-ம் 5-ம் வந்தால் உள்ளே இருப்பவை நிஜமான கேள்விக்குறிகள், மீட்க முடியாது. 15-ம் 15-ம் வந்தால் லத்தீன்1 புலத்துக்குள் யூடிஎஃப்8 பைட்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. புலத்தை முதலில் வார்பைனரி ஆக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 வார்கேர் ஆக்குங்கள். நேரடியாக கன்வர்ட் டு போட்டால் அடுத்த நிலைக்குப் போய்விடும்: 15-ம் 30-ம், இருமுறை மாற்றப்பட்ட எழுத்து. அதை லத்தீன்1-க்குத் திருப்பி, பைனரியாக்கி, யூடிஎஃப்8எம்பி4-ஆகப் படிக்கும் அப்டேட் ஒன்று வேண்டும். உங்கள் பக்கத்தில் சரியாகத் தெரிந்து பிஎச்பிமைஅட்மினில் குப்பையாகத் தெரிவது பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்று. எதைத் தொடுமுன்னும் டேபிளின் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்கேர் நீளமும் இதே கணக்குதான். கிருஷ்ணமூர்த்தி நமக்கு எட்டு எழுத்து, மைஎஸ்க்யூஎல்லுக்கு 15. பெயருக்கு வார்கேர்(10) வைத்தால் 1406 வரும். அதைத் தவிர்க்க சப்ஸ்டர் கொண்டு வெட்டினால் அது பைட் கணக்கில் வெட்டும், அரை எழுத்து உள்ளே போய் 1366 வரும். எம்பி_சப்ஸ்டர் பயன்படுத்துங்கள், அதைவிடப் புலத்தைப் பெரிதாக்குங்கள். பழைய யூடிஎஃப்8 தமிழுக்குப் போதும், முதல் எமோஜி வரும் நாளில் 1366 கொடுக்கும்.

ஸாம்பில் (சொந்தக் கணினியில் ஓட்டும் சர்வர் தொகுப்பு) ஓடியது, ஹோஸ்டிங்கில் ஓடவில்லை

1146, டேபிள் இல்லை என்கிறதா? விண்டோஸில் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸில் பார்க்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிடுங்கள்.

1273, கொலேஷன் தெரியாது என்கிறதா? ஏற்றுமதிக் கோப்பு மைஎஸ்க்யூஎல் 8.0-இலிருந்து வந்தது, அதில் 0900 என்ற எண் கொண்ட கொலேஷன் இருக்கிறது, பழைய சர்வருக்கு அது புதிது. ஸாம்ப் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மரியாடிபி, ஆகவே எதிர்த்திசையிலும் இது வரும். எஸ்க்யூஎல் கோப்பைத் திறந்து அந்தப் பெயரை எல்லா இடத்திலும் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

1044, 1142 இரண்டும் உரிமைப் பிரச்சினை. ஸாம்பில் கடவுச்சொல் இல்லாத ரூட்டாக எல்லாம் செய்திருப்பீர்கள், ஹோஸ்டிங்கில் அந்த வசதி கிடையாது. சிபேனலில் பயனரை உருவாக்கினால் மட்டும் போதாது, அவரை டேட்டாபேஸோடு சேர்த்து உரிமைகளை டிக் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டேபிள் உருவாக்கும் கோப்பை ஒருமுறை ஓட்டியதும் சர்வரிலிருந்து நீக்கிவிட்டு, பக்கங்கள் பயன்படுத்தும் பயனரிடமிருந்து கிரியேட், ஆல்டர், டிராப் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் 1142 வந்தால், எதோ ஒரு பக்கம் இன்னும் ஒவ்வொரு தடவையும் கிரியேட் டேபிளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. செய்தியிலேயே டேபிளின் பெயர் இருக்கும், அதை வைத்துக் கோப்புகளில் தேடுங்கள்.